பதினெட்டு மில்லிகிராம்

எரிவாயுவுக்குச் சொந்த வாடை கிடையாது.
நாமெல்லாம் மூக்கைச் சுளிக்கும் அந்த அழுகல்
யாரோ கலந்தது.
குரோனிங்கன் மாகாணத்தின் வடக்கே,
கடலைவிடத் தாழ்ந்த வயல்களுக்கு நடுவே,
அந்த யாரோவின் பெயர் ஹில்யே வீர்செமா.

ஒரு கன மீட்டருக்குப் பதினெட்டு மில்லிகிராம்.
கூடினால் ஊரே தொலைபேசியை எடுக்கும்.
குறைந்தால்
ஒரு கசிவு, ஒரு தீக்குச்சி, ஒரு ஞாயிற்றுக்கிழமை.

இன்று வுப்போவின் பண்ணை.
நூற்று நாற்பத்திரண்டு மாடுகள்.
பச்சை ரப்பர்க் குடைக்குக் கீழே
ஐம்பது நாளாகப் புளிக்கிறது சாணம்.
கந்தகத்தைப் பிரித்தார்கள், ஈரத்தைப் பிரித்தார்கள்,
கரியமில வாயுவைச் சல்லடையில் விட்டார்கள்.
மிஞ்சியது சுத்தம்.
எந்த மாட்டின் வயிற்றிலிருந்து வந்தோம் என்று
தனக்கே தெரியாத அளவுக்குச் சுத்தம்.
ஊர்க்குழாயில் நுழைய அதற்கு
பழைய வாயுவின் நாற்றம் வேண்டும்,
புது நாய்க்குப்
பழைய நாயின் குரைப்பைப் பழக்குவதுபோல.

(நாற்றம் என்ற சொல் ஒரு காலத்தில்
பூவுக்கும் உரியதாக இருந்தது.
சொற்களுக்கு அடியிலும் நிலம் தாழும்.)

பழைய வாயு என்றால்
வுப்போவின் வீட்டுக்கு நேர் கீழே
மூன்று கிலோமீட்டரில் இருந்தது.
எடுக்க எடுக்க மேலே நிலம் குனிந்தது.
ஒரு கோடை இரவில்
அலமாரித் தட்டுகள் ஒன்றோடொன்று பேசின.
பிறகு வந்தவர்கள் விரிசல்களுக்குப் பென்சிலால் எண் போட்டார்கள்.
சமையலறையில் மட்டும் பதினேழு.
மேற்குச் சுவருக்கு மரத்தூண்கள் முட்டு:
ஆறு மாதத்துக்குத்தான் என்றார்கள்.
முட்டில் ஏறிய கொடி
நான்காம் முறை பூத்திருக்கிறது.

ஹில்யே கண்ணாடிக் கூம்பில் முகத்தை வைத்தாள்.
இழுத்தாள்.
ஒன்றுமில்லை.
காய்ச்சல் விட்டு மூன்று வாரம்.
காலையில் குடித்த காப்பி வெறும் வெந்நீர்.
யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்.
கருவி: பதினெட்டு.
மூக்கு:

கருவி பொய் சொல்லாது.
ஒரு சின்னக் கோடு போட்டால் மதியச் சாப்பாட்டுக்குள்
சாணம் ஊருக்குள் போய்விடும்.
பேனா மூடியைக் கடித்தாள்.

"வுப்போ, எனக்கு மணமே தெரியவில்லை."

அவன் சிரித்தான்.
"நாற்பது வருஷமாகச் சாணிக்குள் நிற்கிறவனிடம்
சொல்கிறாயே."
என்றாலும் குனிந்தான், கூம்புக்கு.

சிரிப்பு நின்றது.
வெகுநேரம் நிமிரவில்லை.
"இதுதான்," என்றான்,
"அந்த இரவு. அடுப்புக்குப் பின்னால் குழாய் விலகியபோது.
பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பனியனோடு ஓடினேனே,
அப்போது வந்ததும் இதுதான்."
அவன் மேற்குச் சுவரைப் பார்த்தான்.
அவளும்.

அவன் மூக்கு அங்கீகாரம் பெற்ற மூக்கு அல்ல.
அவள் அலுவலகத்துக்குப் பேசினாள்,
நின்றபடி, தன் பெயரைச் சொல்லி, மூன்று வாரம் என்பதையும் சொல்லி.
நாளை வேறொரு மூக்கு வரும்.
வால்வைப் பூட்டி ஈயமுத்திரை வைத்தாள்.

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்துவீட்டு ஐல்கோ கேட்டான்:
"எல்லாருக்கும் போதுமா இது?"
"நம் தெருவுக்கு," என்றான் வுப்போ.
கொஞ்சம் யோசித்து,
"பிப்ரவரியில் பாதித் தெருவுக்கு.
மீதிப் பேர் சுவரைச் சரிபண்ணி,
சன்னலைச் சரிபண்ணி,
அடுப்பையும் மாற்றவேண்டியதுதான்."

மாடுகளுக்குப் படிவம் புரியாது.
குடை உப்பிக்கொண்டே இருந்தது.
மாலை நான்கு மணிக்கு
மிஞ்சியதை எரிக்கும் கம்பத்தில் தீ வைத்தார்கள்.
நாளைக்கு எந்தச் சமையலறைக்கோ போக இருந்தது
வெளியே நின்று எரிந்தது,
வெயிலில் பாதி தெரிந்து, பாதி தெரியாமல்.

ஹில்யே வண்டிக்குத் திரும்பவில்லை.
கையுறையைக் கழற்றி
தீயின் பக்கமாக நீட்டினாள்.
சூடு தெரிந்தது.